மூன்றாம் இயலைச் சொன்னவர்

நூலகத்தில் ஒப்புமை அறிக்கை எடுத்துக்கொடுக்கும் ஷர்லி மேடம் பொதுவாக யாரையும் உட்காரச் சொல்வதில்லை. அன்று வைஷ்ணவியைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "மொதல்ல ஒக்காரும்மா" என்றார். வைஷ்ணவி உட்காரவில்லை.

"எவ்வளவு மேடம்?"

"நாப்பத்தொண்ணு."

ஒப்புமை பத்து சதவீதத்துக்கு மேல் போனால் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்காது. எவனுடைய எழுத்தையோ திருடி எழுதியதாகக் கணக்கு. வைஷ்ணவி சிரிக்கப் பார்த்தாள். "வேற யாரு தீசிஸையோ மாத்திப் போட்டுட்டீங்க."

"இசுலாமிய மறையிலும் இன்றைய பல்கலைக்கழகங்களிலும் அறிவைப் பெறுதலும் பேணுதலும். இந்தத் தலைப்புல இந்த ஜில்லாவுல ஒன்னை விட்டா யாரு இருக்கா?" ஷர்லி மேடம் திரையை அவள் பக்கம் திருப்பினார். "மத்ததெல்லாம் சுத்தம். மூணாவது இயல் மட்டும் தலையிலேருந்து கால் வரைக்கும் செவப்பு. எங்கேருந்து எடுத்தேன்னு நான் கேக்கல. அதுவே சொல்லுது பாரு."

வலப்பக்க ஓரத்தில் மூலம் இருந்தது. போன வருடக் கடைசியில் ஓர் இணைய இதழில் வந்த கட்டுரை. எழுதியவர் முனைவர் கண்ணுசாமி. வைஷ்ணவியின் நெறியாளர்.

கட்டுரையைத் திறந்து படித்தாள். அவள் வாக்கியங்கள். ஓர் இடத்தில் அவள் திருத்த மறந்திருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. அடியில், 'நேர்காணல்: கட்டுரையாளர்' என்று போட்டிருந்தது.

"முப்பதாம் தேதி கடைசி நாளா?" என்றார் ஷர்லி மேடம்.

"ஆமா மேடம். ரெண்டு தடவ நீட்டிப்பு வாங்கியாச்சு. இனிமே குடுக்க மாட்டாங்க."

அன்றைக்குத் தேதி பதினொன்று. முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடமும் குப்பைக்குப் போய்விடும். அவள் வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில் அடுத்த ஜூனிலிருந்து முனைவர் பட்டம் இல்லாதவர்களை நிறுத்தப் போவதாக எழுதியே கொடுத்துவிட்டார்கள். வயது முப்பத்து நான்கு. திருவரங்குளத்தில் அவள் அப்பா நாகராசு, "நானும் கடலை போட்டுருக்கேன், முந்திரி போட்டுருக்கேன். ஏழு வருசம் எந்த வெள்ளாமையும் இப்படி இழுத்ததில்லடி" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். முதலில் வேடிக்கையாகச் சொன்னார். இப்போது வேடிக்கை போய்விட்டது.

தலைப்பை அவள் கேட்டு வாங்கவில்லை. கண்ணுசாமியிடம் முன்பு பதிவு செய்திருந்த ஒருவர் பாதியில் துபாய்க்குப் போய்விட, "இந்தத் தலைப்பு சும்மா கெடக்கு, நீ எடுத்துக்கம்மா" என்று கொடுத்தார். அவளுக்கு அரபியில் ஓர் எழுத்துத் தெரியாது. புத்தகங்களை வைத்து இரண்டு இயல்களை ஒப்பேற்றிவிட்டாள். மூன்றாவதற்கு நேரில் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. தேடி அலைந்து, ஆவுடையார்கோவிலைத் தாண்டி மீமிசல் பக்கம் ஒரு சின்ன மதரசாவில் ஓதிக்கொடுக்கும் அபுதாஹிர் ஹஜ்ரத்தைப் பிடித்தாள். தாடிக்கிழவரை எதிர்பார்த்துப் போனால், அவளைவிட ஐந்தாறு வயது மூத்த ஆள், வண்டியின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். குர்ஆன் முழுதும் மனப்பாடம். போன தடவை பேச்சை எங்கே நிறுத்தினார் என்று அவள் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

நான்கு தடவை போனாள். அறிவைக் கையாள்வதில் ஐந்து படி என்று அவர் பிரித்துச் சொன்னார். கேட்பது, மனத்தில் நிறுத்துவது, சொன்னவரிடமே திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது, பிறருக்குச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்குவது, அதன்பிறகு சொல்வது. ஒவ்வொன்றையும் சொல்லுமுன், இதை எனக்குச் சொன்னவர் இன்னார், அவருக்குச் சொன்னவர் இன்னார் என்று பெயர்களை அடுக்குவார். முதல் நாள் வைஷ்ணவிக்குப் பொறுமை இல்லை. "பேரையெல்லாம் கடைசியில வாங்கிக்கிறேன் ஹஜ்ரத், விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள்.

"நீங்க அடிக்குறிப்புன்னு கீழ போடுவீங்க தங்கச்சி. நாங்க தலையில போடுவோம். ஆளு சரியில்லைன்னா அதுக்குக் கீழ வார விஷயத்தைப் படிக்கவே வேணாம் பாருங்க, நேரம் மிச்சம்" என்று சிரித்தார். "ஒருத்தரு இன்னொருத்தருகிட்ட கேட்டேன்னு சொன்னா, ரெண்டு பேரும் ஒரே காலத்துல இருந்தாங்களா, நேருக்கு நேர் சந்திச்சாங்களான்னு பாப்போம். சந்திக்கலைன்னா, அது எவ்வளவு நல்ல பேச்சா இருந்தாலும் தள்ளி வச்சுருவோம்."

இன்னொரு நாள் சொன்னார்: "வேதத்துல அறிவைக் கூட்டிக் குடுன்னு கேக்கச் சொல்ற எடமும் இருக்கு. ஒருத்தன் சேதி கொண்டாந்தா விசாரிச்சுட்டு நம்புன்னு சொல்ற எடமும் இருக்கு. மொதல்ல உள்ளதை எல்லாக் காலேஜ் செவத்துலயும் எழுதி வச்சுருக்காக. ரெண்டாவதை நான் எங்கிட்டும் பாத்ததில்ல."

இதையெல்லாம் வைத்து அவள் மூன்றாம் இயலை எழுதினாள். மற்ற இயல்களை அவள் தைத்தாள் என்றால், இதைத்தான் நெய்தாள். சேர்க்கை, தேர்வு, பட்டம், பதிப்பு என்று பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு வேலையையும் அந்த ஐந்து படிகளோடு வைத்து அளந்திருந்தாள். ஏழு வருடத்தில் அவள் தானாக யோசித்தது அந்த நாற்பது பக்கம்தான்.

அதைக் கட்டுரையாக்கி நெறியாளருக்கு அனுப்பியபோதுதான் அந்தத் தவறு நடந்தது. அவர்கள் துறையில் ஒரு வழக்கம். மாணவர் எழுதும் கட்டுரையின் தலைப்பில் நெறியாளர் பெயரை மட்டும் போட்டு அனுப்ப வேண்டும். படித்துப் பார்த்து அவர் தம் கையால் மாணவர் பெயரைக் கீழே சேர்ப்பார். தன் பெயரைத் தானே போட்டு அனுப்பினால் தலைக்கனம் என்று பேசுவார்கள். வைஷ்ணவியும் அப்படியே அனுப்பினாள். அதற்குள் இரண்டாம் இயலிலிருந்து எடுத்த இரண்டு கட்டுரைகள் அவள் பெயரோடு வந்து, விதிப்படி தேவையானது முடிந்துவிட்டதால், மூன்றாவதை அவள் மறந்தே போனாள்.

அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறித் திருக்கோகர்ணத்தில் இறங்கினாள். கண்ணுசாமி வீட்டு வாசலில் மீன்தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மீன்கள் வாளியில் கிடந்தன.

"வாம்மா. காபி சாப்புடுறியா?" என்றார். அறிக்கையைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். படித்தார். உண்மையிலேயே அதிர்ந்துதான் போனார். அதுதான் வைஷ்ணவிக்குத் தாங்கவில்லை. அவர் கள்ளமுழி முழித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஏம்மா, இதுல ஒன் பேரே இல்லையே."

"நான் போடல சார். நீங்க போடுவீங்கன்னு."

"அன்னைக்கு அஞ்சாறு கட்டுரை ஒண்ணா வந்துச்சு. எல்லாத்தையும் அப்புடியே அனுப்பி வச்சுட்டேன். நேர்காணல் எடுத்தது யாருன்னு கேட்டு இதழ்க்காரனுங்க மெயில் போட்டானுங்க. கட்டுரையாளர்னு போட்டுக்கங்கன்னேன். ஒரு வார்த்தை நீ ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல?"

"இப்ப பேரைச் சேக்கச் சொல்லி எழுதலாமா சார்?"

அவர் வாளியைப் பார்த்தார். "அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வுக் கமிட்டி. இந்தக் கட்டுரையை என் தனிக் கட்டுரைன்னு காட்டி ஃபைல் போயிருச்சு. இப்பப் போயித் திருத்தச் சொன்னா என்னைய என்ன நெனப்பான்? முப்பத்தோரு வருச சர்வீஸ்மா."

உள்ளிருந்து அவர் மனைவி காபியோடு வந்து, "பிள்ளை மொகமே சரியில்லையே. எப்பக் குடுக்கப்போற தீசிஸை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார் கண்ணுசாமி, குரலை இறக்கி. "என் கட்டுரையை மேற்கோளாக் காட்டிரு. 'நெறியாளர் கண்ணுசாமி மேற்கொண்ட நேர்காணல்'னு தெளிவா எழுதிரு. மேற்கோளை விலக்கி ரிப்போர்ட் எடுக்க நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அஞ்சாறு சதவீதத்துல நின்னுரும். அந்த பாய்கிட்ட மட்டும் என் பேருக்கு ஒரு ஒப்புதல் படிவம் வாங்கிட்டு வந்துரு."

"சார், நீங்க அவரைப் பாத்ததே இல்லையே."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதானம்மா. நான்தானே ஒனக்கு கைடு?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

அந்த இயலையே எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். அதை எடுத்தால் நான்காவது நிற்கவில்லை. நான்காவது போனால் முடிவுரைக்கு முடிக்க எதுவும் இல்லை. வேறு வார்த்தைகளில் மாற்றி எழுதிப் பார்த்தாள். ஹஜ்ரத் சொன்னவற்றை மாற்றினால் அவை வேறு எதுவோ ஆயின. மூன்றாம் நாள் அறந்தாங்கி வண்டியைப் பிடித்து, அங்கிருந்து மாறி, மதியம் மீமிசல் போய்ச் சேர்ந்தாள்.

பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அபுதாஹிர் ஹஜ்ரத் படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார்.

"கண்ணுசாமிங்கிறது யாரு தங்கச்சி?"

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பெயர் போடாமல் அனுப்பியது, கட்டுரை, நாற்பத்தொன்று, முப்பதாம் தேதி, ஜூன் மாதம் போகப்போகும் வேலை.

"மனுசனைக் கூட்டிட்டு வாங்களேன். இன்னைக்கே ஒக்காந்து சொல்றேன். அப்புறம் அவரு கேட்டது நெசமாயிரும்ல?"

"தேதி இடிக்கும் ஹஜ்ரத். கட்டுரை போன வருசமே வந்துருச்சு."

"அப்ப, வைஷ்ணவிகிட்டதான் சொன்னேன்னு ஒரு கடுதாசி எழுதித் தரவா? நாலு தேதியும் போட்டுத் தாரேன்."

"அது சாருக்கு எதிராப் போயிரும். அவரு கையெழுத்து இல்லாம நான் எதையும் குடுக்க முடியாது."

ஹஜ்ரத் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல நான் போட முடியாதும்மா. கோவமெல்லாம் இல்ல. கண்ணால காணாத மனுசன்கிட்ட சொன்னேன்னு ஒருக்க எழுதிட்டேன்னா, நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொன்னாலும் செல்லாது. எங்கிட்ட வேற என்ன இருக்கு?" பிறகு, "என் பேச்சு பூராத்தையும் நீங்களே சொன்னதா எழுதிக்கங்க. என் பேரே வேணாம். அதுக்கு அனுமதி தாரேன்" என்றார்.

"அதுதான் ஹஜ்ரத் திருட்டுன்னு காட்டுது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்புட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டுப் போனாள்.

படிவம் கிடைக்கவில்லை என்றதும் கண்ணுசாமி அதிகம் யோசிக்கவில்லை. "அப்ப நீயே ஒரு உறுதிமொழி குடுத்துரு, போதும்" என்றார். அவரே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'மூன்றாம் இயலில் இடம்பெறும் நேர்காணல்கள் என்னால் நடத்தப்பட்டவை அல்ல. என் நெறியாளரால் நடத்தப்பட்டவை என உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டாள். ஷர்லி மேடம் புதிய அறிக்கையை எடுத்தார். ஆறு சதவீதம். முத்திரை குத்தும்போது அவர் உறுதிமொழியைப் படித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தெட்டாம் தேதி ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டில் அம்மா சுகுணா கேசரி கிண்டினாள்.

நான்கு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுத் தேதிக்குப் பதில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் ஆய்வேட்டைக் கவனமாகப் படித்திருக்கிறார். இந்த நாட்டில் அப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மூன்றாம் இயல் அவருக்கு மிகவும் பிடித்துப்போய், மேலும் கேட்க வேண்டுமென்று மதரசாவின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசியிருக்கிறார். ஹஜ்ரத் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

குழுவில் மூன்று பேர். நடுவில் வெள்ளைச்சாமி, இன்னொரு கல்லூரியின் முன்னாள் முதல்வர். ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்ய வனிதா என்ற அலுவலகப் பெண். அவளிடம் வைஷ்ணவி பலமுறை விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். இன்று வனிதா தலையைத் தூக்கவில்லை.

"அந்த பாய்கிட்ட காலையில ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனோம்" என்றார் வெள்ளைச்சாமி. "கண்ணுசாமியை நான் கண்டதே இல்ல, வைஷ்ணவிங்கிற பிள்ளைகிட்டதான் சொன்னேங்கிறாரு. நாலு தேதி சொல்றாரு. நீங்க போனீங்களா?"

"போனேன் சார். நான்தான் பேசினேன்."

சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பு லேசானது போல இருந்தது. அந்த லேசு அரை நிமிடம்தான் நீடித்தது.

வெள்ளைச்சாமி உறுதிமொழித் தாளை அவள் முன் தள்ளினார். "கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார். சார் சொல்லச் சொல்ல எழுதினேன்."

"கண்ணுசாமி, ஆய்வாளர் தானா எழுதிக் குடுத்தாங்க, நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக் குடுத்துருக்காரு. நீங்க எப்பப் பொய் சொன்னீங்கம்மா? அப்பவா, இப்பவா?"

எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் பொய் சொன்னவள் அவள்தான்.

"எனக்கு யாரையும் ஒழிக்கணும்னு ஆசையில்ல" என்றார் அவர், நல்ல மனிதர் போலவே. "இப்ப சொல்றது நெஜம்னா உறுதிமொழி பொய். பொய் உறுதிமொழி குடுத்தா பதிவு ரத்து, அது விதி, என் கையில இல்ல. உறுதிமொழி நெஜம்னா, அந்த பாய் ஆளை மறந்துட்டாரு. அவரு நம்ம பல்கலைக்கழகத்து ஆளு கெடையாது. அவருக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. பத்து நிமிசம் வெளிய இருந்துட்டு வாங்க. வனிதா, இதுவரைக்கும் அடிச்சதைச் சேமிக்க வேணாம்."

வெளியே பெஞ்சில் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். "நான் எதுவும் சொல்ல மாட்டேம்மா. ஒனக்கு எது நல்லதுன்னு ஒனக்கே தெரியும்" என்றார். அவள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. மாடிப்படியருகே போய் நின்றாள். வீட்டுக்குப் போன் போடலாமா என்று நினைத்தாள். போட்டு என்ன கேட்பது? ஹஜ்ரத்துக்குப் போடலாம். போட்டால் அவர், சும்மா சொல்லிருங்க தங்கச்சி, எனக்கு என்ன, என்றுதான் சொல்வார். அதைக் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பது மேல் என்று பட்டது. பத்து நிமிடம் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"அந்த பாயை நேர்ல பாத்துப் பேசினீங்களா?"

"இல்லைங்க சார்."

"ஒருதடவகூட?"

"இல்ல."

வனிதா தட்டச்சு செய்தாள். தாள் வந்தது. வெள்ளைச்சாமி படித்துப் பார்த்து அவளிடம் நீட்டினார். நேர்காணல் நெறியாளரால் நடத்தப்பட்டது என ஆய்வாளர் உறுதி செய்தார். தகவலாளர் அபுதாஹிரின் கூற்று நினைவுப் பிழை உடையது. நம்பத்தக்கதல்ல எனக் குழு முடிவு செய்கிறது. வாய்மொழித் தேர்வுக்குத் தடையில்லை.

மூன்று பிரதி. மூன்றிலும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"தேதி விட்டுட்டீங்க மேடம்" என்றாள் வனிதா.

வைஷ்ணவி வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தாள்.